மேல் தொட்டியும் கீழ்த் தொட்டியும்: வீட்டுப் பவளத் தொட்டிக்குச் சம்ப் அமைத்தல்

பெங்களூரில் குடியிருக்கும் நம்மவர்களுக்குச் 'சம்ப்' என்ற சொல்லைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வீடு பார்க்கப் போனால் வாடகைக்கு அடுத்தபடியாக நாம் கேட்பதே, "சம்ப் எத்தனை லிட்டர்? காவேரி வருதா, இல்லை போர் தண்ணியா?" என்பதுதான். தரைக்கு அடியில் ஒரு தொட்டி, மாடியில் ஒரு தொட்டி, நடுவில் ஒரு மோட்டார். இந்த மூன்றும் இருந்தால்தான் வீடு வீடாக இருக்கும்.

கடல் மீன்களையும் பவள உயிர்களையும் வீட்டில் வளர்ப்பவர்களும் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படும் கண்ணாடித் தொட்டி மேல் தொட்டி. அதைத் தாங்கும் மர அலமாரிக்குள் கதவைச் சாத்தி மறைத்து வைத்திருப்பது கீழ்த் தொட்டி, அதாவது சம்ப். மேல் தொட்டியில் வழியும் நீர் குழாய் வழியே சம்புக்கு இறங்கும். அங்கே சுத்தமாகி, பம்ப் மூலம் மறுபடி மேலே ஏறும். வீட்டுக்கு வரும் தண்ணீர் சாக்கடையில் முடியும். இங்கே அதே தண்ணீர் இரவும் பகலும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு பெரிய வேறுபாடும் உண்டு. கரண்ட் போனால் வீட்டுச் சம்பில் தண்ணீர் அப்படியே நிற்கும். மீன் தொட்டியிலோ கரண்ட் போன அந்த நிமிடத்தில்தான் மேலே இருக்கும் தண்ணீர் கீழே இறங்கத் தொடங்கும். ஆகவே, பம்ப் ஓடும்போது எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைப் பார்த்துச் சம்பின் அளவை முடிவு செய்யக்கூடாது. பம்ப் நின்றால் எவ்வளவு தண்ணீர் வந்து சேரும் என்பதே கணக்கு. இதை ஒருவர் நன்றாக மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றவையெல்லாம் எளிது. அடுக்குமாடியில் வாழும் நமக்கு இது வெறும் பொழுதுபோக்குச் சமாச்சாரமும் அல்ல. நம் கூடத்தில் கொட்டும் உப்புத் தண்ணீர் கீழ்வீட்டுக்காரரின் சீலிங்கில்தான் போய் நிற்கும்!

சம்ப் எதற்கு?

"என்ன சார், ஒரு மீன் தொட்டிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று வீட்டுக்கு வரும் நண்பர்கள் கேட்பதுண்டு. தங்க மீன் வளர்ப்பதானால் ஆர்ப்பாட்டம் தேவையில்லை. பவள உயிர்களின் சங்கதி வேறு. அவற்றின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருந்து, வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரித்துக் கொடுக்கின்றன. இதனால் பவளத்துக்கு வேண்டியது நல்ல வெளிச்சமும், கழிவு குறைந்த, அடிக்கடி மாறாத நீரும்தான். உப்பு லிட்டருக்கு 35 கிராம் அளவிலும், வெப்பம் 25 முதல் 27 டிகிரி வரையிலும் நிலையாக இருக்க வேண்டும்.

சம்ப் இதற்கு மூன்று விதத்தில் உதவுகிறது. முதலாவது, மொத்த நீரின் அளவு கூடுகிறது. நீர் அதிகமானால் மாற்றம் மெதுவாகும். இரண்டாவது, ஹீட்டர், நுரை பிரிப்பான், வடிகட்டி எல்லாம் கீழே போய்விடுவதால் மேலே மீனும் பவளமும் மட்டுமே தெரியும். மூன்றாவது, மேல் தொட்டியின் நீர் மட்டம் என்றும் ஒரே உயரத்தில் நிற்கும். மேற்பரப்பில் படியும் எண்ணெய்ப் படலமும் வழிந்து கீழே போய்விடும்.

இரண்டு வெள்ளங்கள்

என் வீட்டுத் தொட்டியின் அளவுகளையே கணக்குக்கு எடுத்துக்கொள்கிறேன். மேல் தொட்டி 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம். நீர் 45 செ.மீ. வரை நிற்கும். சம்ப் 90 செ.மீ. நீளம்; அகலமும் உயரமும் 40 செ.மீ. அது முழுவதும் நிரம்பினால் 144 லிட்டர். ஓடும் நிலையில் அதில் இருப்பது 85 லிட்டர். மீதி 59 லிட்டர் காலி இடம். இந்தக் காலி இடம் வீண் அல்ல. அதுதான் நம் காப்பீடு.

இப்போது கரண்ட் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். மேல் தொட்டியில் 1 செ.மீ. உயர நீர் என்பது 120 × 45, அதாவது 5,400 கன செ.மீ. இது 5.4 லிட்டர். பம்ப் நின்றதும், நீரை மேலே கொண்டுவந்த அதே குழாய் இப்போது எதிர்த்திசையில் நீரை உறிஞ்சிக் கீழே அனுப்பும். கேனிலிருந்து ட்யூப் போட்டு மண்ணெண்ணெய் இறக்குவோமே, அதே தத்துவம். குழாயின் வாய் காற்றைத் தொடும் வரை இது நிற்காது.

குழாயின் வாய் நீர் மட்டத்திலிருந்து 2.5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் இறங்குவது 13.5 லிட்டர். குழாய்களிலும் வழிவுப் பெட்டியிலும் இருக்கும் நீரை 6 லிட்டர் என்று கொண்டால் மொத்தம் ஏறக்குறைய 20 லிட்டர். சம்ப் தாராளமாகத் தாங்கும். அதே வாயை, "கொஞ்சம் ஆழமா விட்டா நீரோட்டம் நல்லா இருக்குமே" என்று 12 செ.மீ. ஆழத்தில் வைத்தால் இறங்குவது 65 லிட்டர். அந்த 6 லிட்டரையும் சேர்த்தால் 71. இருப்பதோ 59 லிட்டர் இடம். மீதி 12 லிட்டர் தரையில்! தொட்டியும் சம்பும் அதேதான்; குழாயின் வாய் ஒரு சாண் கூட நகரவில்லை. ஆனால் ஒன்று பாதுகாப்பு, மற்றது வெள்ளம்.

நீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயில் 4 மி.மீ. அளவில் ஒரு துளை போடுவது வழக்கம். நீர் இறங்கியதும் துளை வழியே காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சிறு நத்தையோ பாசியோ அதை அடைத்துவிடும் என்பதால் மாதம் ஒரு முறை குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். பிளம்பர்கள், "ஒரு என்.ஆர்.வி. போட்டுடலாம் சார், தண்ணி திரும்பாது" என்பார்கள். கடல்நீரில் சுண்ணாம்பும் புழுக்கூடுகளும் வால்வின் வாயில் படிந்து, அது முழுதாக மூடாமல் போவது சகஜம். அதை மட்டும் நம்பிச் சம்பைச் சிறிதாக்கக்கூடாது.

இரண்டாவது வெள்ளம் மேலே வருவது. கரண்ட் இருக்கிறது, பம்ப் ஓடுகிறது, ஆனால் இறங்கும் குழாய் அடைத்துக்கொண்டது என்றால் என்ன ஆகும்? பம்ப் தன் அறையில் உள்ள நீரையெல்லாம் மேலே ஏற்றிவிடும். என் சம்பில் பம்ப் அறை 25 செ.மீ. நீளம், நீர் 20 செ.மீ. உயரம். அதாவது 25 × 40 × 20, 20 லிட்டர். அது முழுவதும் மேலே போனாலும் மேல் தொட்டியில் 3.7 செ.மீ.தான் உயரும். விளிம்புக்கு 5 செ.மீ. இடம் இருப்பதால் வழியாது. பம்ப் அறையை, "பெரிசா இருந்தா நல்லதுதானே" என்று இரட்டிப்பாக்கினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். ஆகவே சம்ப் பெரிதாக இருக்கலாம். பம்ப் அறை சிறிதாகத்தான் இருக்க வேண்டும்.

இறங்கும் குழாய்கள்

ஒரே ஒரு இறங்கு குழாயை நம்பித் தொட்டி அமைக்க வேண்டாம். குறைந்தது இரண்டு வேண்டும். முதல் குழாயில் காற்றே புகாமல் முழுக்க நீர் ஓடும்படி, சம்பின் அருகே ஒரு வால்வை வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். இரண்டாவது குழாயின் வாய் அதைவிடச் சற்று உயரத்தில், திறந்தபடி, சும்மா நிற்கும். முதலாவது அடைத்தால் நீர் உயர்ந்து இரண்டாவதில் விழும். அந்தச் சலசலப்பே நமக்கு எச்சரிக்கை மணி. இன்னும் பாதுகாப்பு வேண்டுவோர் மூன்று குழாய் வைப்பதும் உண்டு.

காற்றும் நீரும் கலந்து ஓடும் ஒற்றைக் குழாயில், சமையலறைத் தொட்டி காலியாகும்போது வருமே, அந்தக் 'கடகட' சத்தம் நாள் முழுவதும் கேட்கும். வீட்டில் டி.வி. பார்ப்பவர்கள் இரண்டே நாளில் நம்மையும் தொட்டியையும் சேர்த்து வெளியே அனுப்பிவிடுவார்கள். காற்றோடு சேர்ந்து ஓடும் ஒரு அங்குலக் குழாய் மணிக்கு ஏறக்குறைய 1,000 முதல் 1,200 லிட்டர் வரைதான் இறக்கும் என்பதையும் நினைவில் கொள்க.

பம்ப் வாங்கும்போது அட்டைப் பெட்டியில் இருக்கும் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். மாடித் தொட்டி மோட்டாருக்கு 'ஹெட்' பார்ப்பது போலவே இதற்கும் பார்க்க வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு, உயரமே ஏற்றாதபோது கிடைப்பது. 1.5 மீட்டர் ஏற்றி, இரண்டு மூன்று எல்போக்களையும் தாண்டினால் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. மேல் தொட்டி நீரைப்போல மணிக்கு ஐந்து மடங்கு சுற்றினால் போதும். எனக்கு அது 1,100 முதல் 1,200 லிட்டர். பவளங்களுக்கு வேண்டிய அலையை மேல் தொட்டிக்குள் வைக்கும் தனி விசிறிப் பம்ப்புகள் தரும்.

சம்புக்குள் உள்ள அறைகள்

சம்பைத் தடுப்புக் கண்ணாடிகளால் மூன்றாகப் பிரிப்பது வழக்கம்.

முதல் அறையில் இறங்கும் நீர் ஒரு துணிப்பை வழியே வடிகிறது. உணவுத் துணுக்கு, மீன் கழிவு எல்லாம் பையில் தங்கும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை பையை மாற்றாவிட்டால் அதுவே அழுகி நைட்ரேட் உற்பத்திசாலை ஆகிவிடும்.

இதே அறையில்தான் நுரை பிரிப்பான், அதாவது ப்ரோட்டீன் ஸ்கிம்மர், உட்காரும். துவரம் பருப்பு வேகும்போது மேலே பொங்கும் நுரையை அம்மா கரண்டியால் எடுத்து எறிவதைப் பார்த்திருப்பீர்கள். இந்தக் கருவி செய்வதும் அதேதான். புரதம் போன்ற கழிவுப் பொருள்களின் ஒரு முனை நீரை விரும்பும். மறு முனை நீரை வெறுக்கும். நுண்ணிய காற்றுக் குமிழிகளைச் செலுத்தினால் அந்தக் கழிவுகள் குமிழியின் மேல் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலேறிக் கிண்ணத்தில் சேரும். உப்பு நீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் சிறிதாகவே இருப்பதால்தான் இது கடல் தொட்டியில் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. வெளியே நீர் மட்டம் ஏறி இறங்கினால் நுரையின் அளவும் ஏறி இறங்கும். எனவே தடுப்புக் கண்ணாடியால் மட்டம் நிலையாக நிற்கும் அறையிலேயே இதை வைக்க வேண்டும்.

நடு அறையை ரெஃப்யூஜியம் என்பார்கள். நாம் பாசித் தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். பச்சை நைலான் நூல் சுருண்டு கிடப்பதுபோல் இருக்கும் கீட்டோமார்ஃபா என்ற கடற்பாசியை இதில் வளர்க்கலாம். நீரில் உள்ள நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தின்று அது வளரும். வளர்ந்ததில் ஒரு பகுதியைப் பிய்த்து எறிந்தால் அந்தச் சத்தும் தொட்டியை விட்டு வெளியேறிவிடும். இதற்கு விளக்கை இரவில் எரிய விடுவது நல்லது. இரவில் மேல் தொட்டியின் உயிர்கள் எல்லாம் கரியமில வாயுவை வெளியிட, நீரின் பிஎச் குறையும். கீழே பாசி விழித்திருந்து அந்த வாயுவை உறிஞ்சினால் குறைவு தணியும்.

இதற்கும் பம்ப் அறைக்கும் நடுவில் மூன்று தடுப்புகள். நீர் முதலாவதின் மேலேறி, இரண்டாவதின் கீழே நுழைந்து, மூன்றாவதின் மேல் வழிய வேண்டும். இந்த ஏற்ற இறக்கத்தில் குமிழிகள் பிரிந்து மேலே போய்விடும். கடைசியில் பம்ப் அறை.

ஆவியும் உப்பும்

தினமும் என் தொட்டியில் சுமார் 3 லிட்டர் நீர் ஆவியாகிறது. மற்ற அறைகளின் மட்டத்தைத் தடுப்புகள் பிடித்துக்கொள்வதால் குறைவு முழுவதும் பம்ப் அறையில்தான் தெரியும். அங்கே 1 லிட்டர் குறைந்தால் 1 செ.மீ. இறங்கும். நான்கைந்து நாள் கவனிக்காவிட்டால் பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கும்.

ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். என் மொத்த நீர் 300 லிட்டர். பத்து நாளில் 30 லிட்டர் போனால் 35 கிராம் உப்பு கிட்டத்தட்ட 39 ஆகிவிடும். பவளம் இதைத் தாங்காது. ஆகவே ஈடுசெய்ய ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர். போர் தண்ணீர் கூடவே கூடாது. குடிப்பதற்காக டி.டி.எஸ். கூட்டி வைத்திருக்கும் ஆர்.ஓ.வும் சரிவராது, டி.டி.எஸ். பூச்சியத்துக்கு அருகில் இருக்க வேண்டும்.

மிதவை சுவிட்ச் வைத்து இதைத் தானாக நடக்கச் செய்யலாம். ஆனால் சுவிட்ச் ஒருநாள் ஒட்டிக்கொள்ளும் என்று எண்ணியே அமைக்க வேண்டும். 15 லிட்டர் கேன் ஒன்றிலிருந்து நீர் எடுத்தால், முழுதும் கொட்டினாலும் உப்பு 35-லிருந்து 33-க்குத்தான் இறங்கும். ஆர்.ஓ. குழாயை நேரே சம்பில் மாட்டிவைத்தால், நாம் ஊருக்குப் போய் வருவதற்குள் தொட்டி நல்ல தண்ணீர்க் குளமாகிவிடும். இந்த 15 லிட்டரையும் சம்பின் காலி இடக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெயிலும் மின்சாரமும்

நீர் சூடானால் பவளம் தன்னுள் வாழும் பாசிகளை வெளியேற்றி வெளுத்துப் போகும். நம் மன்னார் வளைகுடாவிலேயே 1998, 2010, 2016 ஆண்டுகளில் இவ்வாறு பவளங்கள் வெளுத்தன. வீட்டுத் தொட்டியிலும் இதே ஆபத்து உண்டு. சம்பின் மேல் சிறு மின்விசிறி வைத்தால் நீர் ஆவியாகி, மண்பானைத் தண்ணீர்போல் இரண்டு மூன்று டிகிரி குறையும். பெங்களூரிலும் தில்லியின் வறண்ட கோடையிலும் இது பலிக்கும். மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று ஊர்களில் அவ்வளவாகப் பலிக்காது. அங்கே சில்லர் தேவைப்படலாம்.

கரண்ட் போனால் முதலில் குறைவது ஆக்சிஜன். ஒரு பேட்டரி ஏர் பம்ப் கைவசம் இருக்கட்டும். இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். சதுர அலை இன்வெர்ட்டரில் பம்ப் இரைந்து சூடாகும். பிளக் போர்டு சம்புக்கு மேலே, அலமாரிக்கு வெளியே இருக்க வேண்டும். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி மேலேற வேண்டும். அப்போது வயரில் வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் கடல் தொட்டியில் கை வைக்காதீர்கள். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

பொருள்களில் பித்தளையும் செம்பும் அறவே கூடாது. செம்பு சிறிதளவு கரைந்தாலும் முதுகெலும்பில்லாத உயிர்கள் மடியும். பி.வி.சி. குழாய், பி.வி.சி. வால்வு, பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிகான் ஆகியவையே போதும்.

தொட்டியில் யார் குடியிருக்கலாம்?

இது மிக முக்கியம். கல் பவளங்கள், கறுப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவை 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு இவற்றுக்கும் உண்டு. 2022-இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னும் இந்த நிலை மாறவில்லை. "ராமேஸ்வரத்துலேர்ந்து வந்தது சார், உயிரோட இருக்கு" என்று கடைக்காரர் நீட்டும் துண்டை வாங்குவது குற்றம். செத்த பவளக் கல்லை அலங்காரத்துக்கு வாங்குவதும் அப்படியே. பாறைக்குப் பதில் பீங்கானில் செய்த செயற்கைப் பாறை கிடைக்கிறது; சில மாதங்களில் நுண்ணுயிர் படிந்து அது இயற்கைப் பாறைபோல் வேலை செய்யும்.

இந்தப் பட்டியலில் வராத காளான் பவளம், பொத்தான் பவளம் போன்ற மெல்லுடல் உயிர்களை, எங்கிருந்து வந்தன என்பதற்கான ரசீதும் தாள்களும் கேட்டு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் வனத்துறையைக் கேட்பதே முறை. மீன்களில், கடலில் பிடித்ததைவிடப் பண்ணையில் பிறந்ததே மேல். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களை வளர்ப்பகத்தில் இனப்பெருக்கம் செய்து காட்டியுள்ளன. நம் தமிழகக் கடற்கரையில் நடந்த வேலை என்பதில் நமக்குப் பெருமையும் உண்டு.

உப்புப் போடுமுன் ஒரு சோதனை

எல்லாம் பொருத்தி முடிந்ததும் அவசரப்பட்டு உப்புப் பையைப் பிரிக்காதீர்கள். சாதாரணக் குழாய்த் தண்ணீரை நிரப்பிப் பம்பை ஓட விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். சம்பில் நீர் எதுவரை ஏறுகிறது என்று நின்று பாருங்கள். விளிம்புக்குள் அடங்கினால், மறுபடி பம்பைப் போட்டு, ஓடும் நிலையில் பம்ப் அறையின் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு கிழித்து, 'இதற்கு மேல் ஊற்றக்கூடாது' என்று தமிழிலும், வீட்டு வேலைக்கு வருபவருக்குத் தெரிந்த மொழியிலும் எழுதி ஒட்டுங்கள்.

பிறகு முதல் இறங்கு குழாயைத் துணியால் அடைத்து, இரண்டாவது குழாய் தனியாகத் தாங்குகிறதா என்று பாருங்கள். பின் இரண்டையும் அடைத்துவிட்டு, பம்ப் அறை காலியாகும் வரை மேல் தொட்டி வழியாமல் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு வாரத்துக்கு நாளுக்கு இரண்டு முறை இப்படிச் செய்தால் எல்லாக் குறைகளும் நல்ல தண்ணீரிலேயே வெளிவந்துவிடும்; துடைப்பம் எடுத்துத் தள்ளினால் போயிற்று.

கடற்கரையிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், எட்டாவது மாடியில் கடலின் ஒரு துளியை நம் பிள்ளைகளுக்குக் காட்ட முடிகிறது என்றால் அதற்குக் காரணம் அலமாரிக்குள் யாருக்கும் தெரியாமல் வேலை செய்யும் அந்தக் கீழ்த் தொட்டிதான். மேல் தொட்டிக்குச் செலவிடும் கவனத்தில் பாதியையாவது அதற்குக் கொடுங்கள். ஐயம் உள்ள அன்பர்கள் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் என்னைக் கேட்கலாம். அளவு நாடாவும் குழாயும் சகிதமாக நேரில் வந்து உதவவும் தயார்.